ஹெட் சொல்லாத ஒப்பீடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வேளாண் பக்கத்தில் போர்வெல் பம்ப்செட்டுகளை ஒப்பிட்டு வந்த அட்டவணையைப் படித்தேன். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தென்னை வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள், ஆழியாற்றுத் தண்ணீர் குறைந்தால் போரைத்தான் நம்ப வேண்டும். அதனால் அந்த அட்டவணையை வைத்து இங்கே பலர் பம்ப் வாங்குவார்கள். அதுதான் என் கவலை.

அதிகபட்ச ஹெட் (பம்ப் தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம்), அதிகபட்ச டெலிவரி (குறித்த நேரத்தில் வெளியே வரும் தண்ணீர்) என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. அதிகபட்ச ஹெட்டில் பைப்பிலிருந்து ஒரு சொட்டுகூட வெளியே விழாது. டெலிவரி அதிகமாக இருக்கும் இடத்திலோ பம்ப் தண்ணீரைக் கொஞ்ச உயரம்தான் ஏற்றும். நம் போர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அந்த இடத்தில் பம்ப் என்ன செய்கிறது என்பதுதான் விவசாயிக்கு வேண்டும்.

எச்பியும் அதைச் சொல்லாது. 5 எச்பி என்றால் மோட்டார் தன் தண்டில் தரும் சக்தி சுமார் 3.7 கிலோவாட், அவ்வளவுதான். அதில் எவ்வளவு தண்ணீராக மேலே வருகிறது என்பது தனிக் கணக்கு.

சரி, யூனிட்டுக்கு எத்தனை லிட்டர் என்று பார்த்தால் போதுமா? அதுவும் ஏமாற்றும். ஒரு பம்ப் 40 மீட்டர் ஹெட்டில் யூனிட்டுக்கு 3,000 லிட்டர் தருகிறது, இன்னொன்று 60 மீட்டரில் 2,400 லிட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவதுதான் நல்லது என்று தோன்றும். ஆனால் இழப்பே இல்லாவிட்டால் ஒரு யூனிட் கரண்ட் சுமார் 3,67,000 லிட்டரை ஒரு மீட்டர் உயர்த்தும். லிட்டரை ஹெட்டால் பெருக்கி இதோடு வகுத்துப் பாருங்கள்: முதல் பம்பின் திறன் 33 சதவீதம், இரண்டாவதன் திறன் 39 சதவீதம். சோலார் பம்புகளுக்கு மத்திய அரசின் விதிமுறையே, இன்ன ஹெட்டில் ஒரு வாட் பேனலுக்கு ஒரு நாளில் இத்தனை லிட்டர் என்றுதான் கேட்கிறது. கரண்ட் பம்புக்கு மட்டும் ஏன் கேட்கக் கூடாது?

அடுத்த முறை ஒவ்வொரு பம்புக்கும் 40, 80, 120 மீட்டர் ஹெட்டில் டெலிவரி எவ்வளவு, இழுக்கும் கரண்ட் எவ்வளவு என்று போடுங்கள். அப்புறம் இன்னொன்று. த்ரீ பேஸ் பம்புகளின் சோதனை 415 வோல்ட்டில் நடக்கும். கோடையில் எங்கள் லைனில் வோல்டேஜ் அதற்கு வெகு கீழே போய்விடுகிறது. முடிந்தால் 350 வோல்ட்டில் அதே பம்ப் எப்படி ஓடுகிறது என்பதற்கும் ஒரு பத்தி சேருங்கள்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி,
கொழிஞ்சாம்பாறை