காகிதப் பொம்மைக்குக் கழுத்துதான் உயிர்

சிவமயம்
காரைக்குடி

அன்புள்ள மீனாள்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பரீட்சை முடிந்ததும் பேத்தி தேவகோட்டைக்கு வருகிறாள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். வளவில் உட்கார்ந்து நாம் வெட்டுவோமே, உடுப்பு மாற்றுகிற பொம்மை, அதற்கு முறை கேட்டிருக்கிறாய். அச்சடித்து விற்கிற மெல்லிய தாளை வாங்காதே. நாலு உடுப்பு மாற்றுவதற்குள் தலை தொங்கிவிடும்.

பழைய கல்யாணப் பத்திரிகைதான் நல்ல அட்டை. பிள்ளையார் இருக்கிற பக்கத்தை எடுத்து வைத்துவிட்டு, வெறும் பக்கத்தை வெட்டு. அதற்கு முன் அட்டையை நெடுக்கிலும் குறுக்கிலும் சுருட்டிப் பார். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் குழலாக வருகிறதோ, அந்தக் குழலின் நீளவாக்கில் பொம்மை நிற்க வேண்டும். மாற்றி வெட்டினால் கழுத்து முதல் நாளே மடங்கும். 18 செ.மீ. பொம்மைக்குக் கழுத்து ஒன்றரை செ.மீ. அகலமாவது இருக்கட்டும், அழகு பார்த்து ஒல்லியாக்காதே. முதுகுப் பக்கம் தலையிலிருந்து இடுப்புவரை ஒரு தென்னை ஈர்க்கை ஒட்டிவிடு. 1810இல் லண்டனில் ஃபுல்லர் என்ற கடை வெளியிட்ட காகிதப் பொம்மையில் தலை மட்டும் தனி. ஒவ்வோர் உடுப்பிலும் அதைச் செருக வேண்டும். தலை தொலைந்தால் எல்லாம் போச்சு!

உடுப்பை வெட்ட, பொம்மையைத் தாளின் மேல் வைத்துச் சுற்றி வரைந்துகொள். கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே வெட்டு, இல்லாவிட்டால் உடம்பு ஓரத்தில் எட்டிப் பார்க்கும். பொம்மைக்குப் பின்னால் மடித்து உடுப்பைப் பிடித்துக்கொள்ள, தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு காது போதும். காது ஒவ்வொன்றும் ஒரு செ.மீ. அகலம், ஒன்றரை நீளம். சின்னக் காது கிழியும். மடிக்கும் இடத்தில் மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்துவிட்டால் நேராக மடங்கும்.

முதல் சேலை கண்டாங்கியாகவே இருக்கட்டும். நம் ஊரில் சேலை கட்டுகிற முறையில் கொசுவம் பின்னால் போவதால் முன்பக்கம் தட்டையாக இருக்கும். மடிப்பு ஒட்டுகிற வேலையே கிடையாது. கணுக்காலுக்கு மேலேயே சேலை நிற்க வேண்டும், அதனால் காலைத் தண்டையோடு ஒழுங்காக வரைந்துவிடு. கடுகு மஞ்சளில் அரக்குக் கட்டம், அகலமான கரை. ஸ்கெட்ச் பேனா வழவழப்பான தாளில் இழுசும், சாதா வெள்ளைத் தாளே எடுத்துக்கொள். கழுத்துருவுக்கு, அதுதான் நம் கல்யாணத் தாலிக்கு, மிட்டாய் சுற்றிய தங்கத் தாள். அதைப் பின்பக்கம் கீறிவிட்டுக் கழுத்தில் மாட்டினால் காது வேண்டாம்.

பசைக்கு இரண்டு கரண்டி மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அப்புறம்தான் அடுப்பில் வை. சிறு தீயில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிண்டு. தண்ணீராக இருந்தால் தாள் ஊறி ஒரு பக்கமாகச் சுருளும், ஒட்டியதும் ராத்திரி முழுக்க அம்மிக்குழவிக்கு அடியில் வை. மயில்துத்தம் போடுவார்கள் பூச்சிக்கு. பிள்ளை கையில் புழங்குவது, நமக்கு வேண்டாம். ஆனால் மைதா வாசத்துக்கு இராமபாணப் பூச்சி வரும். பொம்மையை மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில், வசம்புத் துண்டு போட்டு வை.

வரும்போது உன் வீட்டுப் பத்திரிகைக் கட்டையும் எடுத்து வா. இங்கே கெட்டி அட்டை நாலைந்துதான் இருக்கிறது.

இப்படிக்கு,
உமையாள்