‘சோதிக்கப்பட்டது’ என்றால் எப்படி?

ஆசிரியருக்கு,

சோயா அல்லது அரிசிப் புரதத்தில் தயாரித்த குழந்தைப் பால்மாவை நம்பிக் கொடுக்கலாமா என்று கேட்கும் பெற்றோர், டின்னில் உள்ள சத்துப் பட்டியலைத்தான் முதலில் காட்டுகிறார்கள். பட்டியலில் இருப்பதெல்லாம் உடலில் சேர்ந்துவிடாது. சோயாவில் உள்ள ஃபைட்டேட் என்ற இயற்கைப் பொருள் துத்தநாகத்தையும் கால்சியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். சோயாப் புரதத்தில் மெத்தியோனின் குறைவு, அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு; இரண்டும் உடலுக்குத் தேவையான அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் கூறுகள். அதனால்தான் கோடெக்ஸ் என்ற அனைத்துலக உணவுத் தரவிதி பசும்பால் மாவுக்கு 100 கலோரிக்கு 1.8 கிராம் புரதம் போதும் என்கிறது. சோயா மாவுக்கோ 2.25 கிராம் கேட்கிறது.

சத்து உடலில் சேர்கிறதா என்பதைக் குழந்தையின் வளர்ச்சிதான் சொல்ல வேண்டும். ஒரு மாவு ‘சோதிக்கப்பட்டது’ என்றால், அந்த வளர்ச்சியை எப்படிச் சோதித்தார்கள் என்று கேட்க வேண்டும். அமெரிக்க விதிப்படி, பிறந்து 14 நாளுக்குள் குழந்தைகளை ஆய்வில் சேர்த்து, வேறு மாவு குடிக்கும் குழந்தைகளோடு ஒப்பிட்டு, குறைந்தது 15 வாரம் பார்க்க வேண்டும். அந்த வயதில் புட்டிப்பால் ஒன்றுதான் ஆகாரம். ஆறு மாதக் குழந்தையிடம் சோதித்தால் கஞ்சியும் மசித்த பூசணியும் மாவின் குறையை மூடிவிடும்.

இரு பிரிவுக்கும் நாளொன்றுக்கு 3 கிராம் எடை வித்தியாசம் வந்தாலே கவலைப்பட வேண்டும் என்பது இத்துறையில் வழக்கமான அளவுகோல். 15 வாரத்தில் அது 315 கிராம். நன்றாக நனைந்த டயப்பர் ஒன்றே 100 கிராமைத் தாண்டும். ஆகவே உடையில்லாமல், ஒரே தராசில், இரண்டு தடவை நிறுக்க வேண்டும். நீளம் அளக்க இருவர் வேண்டும். ஒருவர் தலையைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க, மற்றவர் முழங்காலை நேராக்கிக் காற்பலகையை நகர்த்த வேண்டும். தனியாக அளந்தால் கால் மடங்கிவிடும், நீளம் குறைவாகத்தான் வரும். எடை மட்டும் போதாதா என்றால், போதாது. புரதம் சரியில்லாத மாவிலும் குழந்தை கொழுகொழுவென்று இருக்கலாம். நீளமும் தலைச் சுற்றளவும் பின்தங்கும்.

பலரும் கேட்க மறப்பது, பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர் என்பதை. வாந்தி, மலச்சிக்கல் என்று விலகிய குழந்தைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், மிஞ்சியவர்கள் நன்றாக வளர்ந்ததாகத்தான் தெரியும். இந்த ஆய்வுகளில் நிறைமாதக் குழந்தைகளையே சேர்ப்பார்கள். குறைமாதக் குழந்தைக்கு முடிவு பொருந்தாது. சோயா மாவை அவர்களுக்குப் பரிந்துரைப்பதும் இல்லை.

வளர்ச்சி ஆய்வில் தேறிய மாவுக்கும் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் ஆய்வகச் சோதனை வேண்டும். 2003ல் இஸ்ரேலில் விற்ற ஒரு சோயா மாவில் வைட்டமின் பி1 போதாமல் குழந்தைகள் இறந்தன. லேபிளில் அந்தச் சத்து இருப்பதாகத்தான் அச்சிட்டிருந்தது.

உணவங்காடியில் விற்கும் சோயா பானமும் பேரங்காடி ஓட்ஸ் பாலும் பால்மாவே அல்ல; ஒரு வயதுக்குள் அவற்றைப் பாலுக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. தாவரப் பால்மாவுக்கு மாறுவதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள். அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திராமல், இரண்டு வாரத்தில் பலதுறை மருந்தகத்தில் எடை பார்த்து, சுகாதாரக் கையேட்டின் வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

குழந்தை ஊட்டச்சத்துத் துறை வாசகர்கள்,
செங்காங்