செயலாளரின் ஆண்டறிக்கை: போமெட் விதை வயல்களில் வைரஸ் பரிசோதனை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மக்காச்சோளத்தைத் தாக்கும் எம்.எல்.என். எனும் கருகல் நோய் கென்யாவில் முதலில் கண்டறியப்பட்டது நமது போமெட் பகுதியில்தான், 2011 செப்டம்பரில். இவ்வாண்டும் செயற்குழு அதிகம் பேசியது அதைப் பற்றியே.

ஒரே வைரஸின் வேலை அல்ல இது. இலைப்பேனும் சில வண்டுகளும் பரப்பும் எம்.சி.எம்.வி. எனும் மக்காச்சோள வைரஸ் ஒன்று, அசுவினி பரப்பும் கரும்புத் தேமல் வைரஸ் மற்றொன்று. இரண்டும் ஒரே செடியில் சேர்ந்தால் குருத்து கருகுகிறது, கதிர் மணி பிடிக்காமல் உறை காய்கிறது. எனவே ஒன்றுக்கு மட்டும் பார்த்துவிட்டு "நோய் இல்லை" என்று எழுதிய முடிவை இனி ஏற்பதில்லை எனத் தீர்மானித்துள்ளோம். தத்துப்பூச்சி பரப்பும் கோட்டு நோயையும் தழைச்சத்துக் குறைவையும் கண்ணால் பார்த்து எம்.எல்.என். என்று சொல்லிவிடுவோரும் உண்டு. மஞ்சள் இலையெல்லாம் எம்.எல்.என். ஆகாது.

மாதிரி எடுப்பதில்தான் பாதித் தவறு நடக்கிறது. காய்ந்து கருகிய இலை பயன்படாது; குருத்தை ஒட்டிய, தேமல் தெரியும் இளம் இலையே வேண்டும். எம்.சி.எம்.வி. சாற்றின் வழியாகவும் தொற்றும். அதனால் செடிக்குச் செடி கையுறையை மாற்ற வேண்டும், கத்தரியையும் சுத்தம் செய்ய வேண்டும். ஈர இலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வைத்தால் ஆய்வுக்கூடம் சேர்வதற்குள் அழுகிவிடும். காகித உறையில் சுற்றி, பனிக்கட்டிப் பெட்டியில் அனுப்புங்கள். வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கானால் சிறு துண்டுகளாக்கி சிலிக்கா ஜெல்லில் உலர்த்தலாம்.

எதிர்ப்பொருளைக் கொண்டு வைரஸைக் கண்டறியும் எலிசா சோதனையில் 1 கிராம் இலைக்கு 10 மில்லி கரைசல் விட்டு அரைத்து, சோதனைத் தட்டின் ஒவ்வொரு குழிக்கும் 100 மைக்ரோலிட்டர் இடுகிறார்கள். மாதிரியை ஓரிரவு 4 டிகிரியில் வைப்பது வழக்கம். தட்டை ஈரப் பெட்டியில் மூடி வைக்காவிட்டால் ஓரக் குழிகள் உலர்ந்து அளவு பிசகும். கழுவுவதில் அவசரப்பட்டால் நலமான மாதிரியும் தொற்றைக் காட்டும் மஞ்சள் நிறமாகும். நிறத்தை 405 நானோமீட்டரில் படித்து, நலமான மக்காச்சோள இலையின் சராசரியைப் போல் இரு மடங்கைத் தாண்டினால் தொற்று என்பது பொதுவான அளவுகோல். ஒப்பீட்டுக் குழியில் வெறும் கரைசலை ஊற்றிவிட்டு இலைச்சாற்றை விட்டுவிட்டால் அந்த அளவுகோலுக்கே பொருளில்லை.

கரும்புத் தேமல் வைரஸில் இன்னொரு சிக்கல். அதன் வகைகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், வேறு நாட்டு வகையைக் கொண்டு செய்த எதிர்ப்பொருள் நம் வகையைச் சரியாகப் பிடிக்காமல் போகலாம். அறிகுறி தெளிவாக இருந்தும் எலிசா "இல்லை" என்றால் ஆர்.டி.-பி.சி.ஆர். எனும் மரபணுச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். செலவு கூடும், ஆனால் தவறான "இல்லை" அதைவிட அதிகம் பிடுங்கும்.

விதைவழித் தொற்று மிகக் குறைவு. சில நூறு விதையை முளைக்க வைத்துப் பார்த்துத் திருப்தி அடைந்துவிட முடியாததற்குக் காரணமும் அதுவே. விதைத் தொகுதி முழுவதிலிருந்தும் விதை எடுத்துக் கலந்தே அனுப்ப வேண்டும்.

நைவாஷாவில் 2013 முதல் இயங்கும் நோய் எதிர்ப்புச் சோதனைத் திடலில் தேறிய ரகங்களை உறுப்பினர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். தேறிய ரகமாயினும் வயலைச் சோதிப்பதை நிறுத்தலாகாது.

வரும் ஆண்டில் இரு மாதம் மக்காச்சோளம் பயிரிடாத இடைவெளியைப் பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்தே கடைப்பிடிக்கச் செயற்குழு கோருகிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

செயலாளர்