வீட்டைக் கேட்காத படிவம்

பள்ளி மாணவர் நலத்திட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் நிரப்பச் சொல்லும் ஆளுமைப் படிவம் எதற்கென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: பிள்ளைகளின் குணத்துக்கு மதிப்பெண் போட்டு, பிற்காலத்தில் யாருக்கு நோய் வரலாம் என்று கணிக்கத்தான். என் அக்கா மகனுக்கு அதில் ‘பொறுப்பு’ என்ற கட்டத்தில் ஐந்துக்கு ஒன்று. ‘பிற்கால உடல்நலத்துக்கு ஆபத்து, ஒழுக்கப் பயிற்சி தேவை’ என்று குறிப்பு வேறு.

அவன் அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். அக்கா இரவு வேலைக்குப் போகிறார். ராத்திரி அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பது, மருந்து கொடுப்பது, விடிந்ததும் தங்கையைக் கிளப்பிவிடுவது எல்லாம் இந்தப் பையன்தான். வகுப்பில் தூங்கிவிடுகிறான், வீட்டுப்பாடம் முடிப்பதில்லை. அதற்குப் பெயர் பொறுப்பின்மையாம்! படிவத்தில் வீட்டைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. தயவுசெய்து அதைச் சேருங்கள்.

இளம் வயதுக் குணத்துக்கும் பிற்கால நோய்க்கும் தொடர்பு இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் 1960இல் பள்ளி மாணவர்களிடம் எடுத்த ‘புராஜெக்ட் டேலண்ட்’ கணக்கெடுப்பையும் கொஞ்சம் பாருங்கள். அதில் இருந்த 82,000க்கும் மேற்பட்டவர்களின் நிலையை அரை நூற்றாண்டு கழித்து ஆராய்ந்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். பள்ளி வயதிலேயே நிதானமும் முதிர்ச்சியும் இருந்தவர்களுக்கு முதுமையில் மறதிநோய் குறைவாக வந்திருந்தது, அதுவும் வசதியான குடும்பத்துப் பிள்ளைகளாக இருந்தால். வசதி குறைந்த வீட்டில் வளர்ந்தவர்களிடம் அந்தப் பலன் தென்படவில்லை. அப்புறம் குணத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டு என்ன ஆகப்போகிறது?

ஒழுக்கப் பயிற்சி சனிக்கிழமை காலையாம். அக்கா வீட்டில் இருக்க, அவன் நிம்மதியாகத் தூங்கும் ஒரே காலை அது. இதை எழுதி அக்கா அனுப்பிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. அலுவலகங்களுக்கும் ஒரு படிவம் அச்சடித்தால் ‘பொறுப்பு’ கட்டத்தில் யாருக்கு எவ்வளவு வரும் என்று பார்க்க ஆசைதான்.

சரி, கோபத்தை விடுகிறேன். கேட்பது இவ்வளவுதான். அடுத்த வகுப்புக்குப் படிவம் போகும் முன் வீட்டு நிலைமைக்கும் அதில் இடம் வையுங்கள். அதை வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்காமல், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் தனியாகக் கேட்கட்டும். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை என்று தெரிந்தால் பயிற்சிக்கு அனுப்பாமல் அந்த வீட்டுக்கு உதவி அனுப்புங்கள். இவன் பதிவேட்டில் உள்ள அந்தக் குறிப்பையும் நீக்கித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவன் சித்தி