ஆடி 18க்குள் பெரிய குளத்துக்குத் தண்ணீர் வர வேண்டும்: சூலூர் மக்களுக்கு நன்கொடை வேண்டுகோள்

பெரியோர்களே, தாய்மார்களே, சென்னை, பெங்களூர், துபாய் என்று பிழைப்புக்குப் போயிருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நொய்யலிலிருந்து பெரிய குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலைத் தூர்வாரும் வேலைக்கு 3,83,650 ரூபாய் குறைகிறது. பொக்லைன்காரர் ஆனி 28 வரைதான் வண்டியை விடுவார், அதற்குப் பிறகு வேறு ஊர் வேலைக்குப் பேசிவிட்டார். வெள்ளியங்கிரியில் மழை பிடித்து நொய்யலில் புதுத்தண்ணீர் இறங்கினால் அது யாருக்காகவும் நிற்காது. வாய்க்கால் திறந்திருந்தால் குளத்துக்கு வரும், அடைத்துக் கிடந்தால் ஆற்றோடு போய்விடும். போன வருசம் அப்படித்தான் போனது. பாலத்தின் மேல் நின்று நுரையும் செந்தண்ணியுமாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒரு சொட்டுக்கூடக் குளத்துக்குத் திருப்ப முடியவில்லை.

பணம் ஏன் குறைந்தது என்று கேட்பது நியாயம். சித்திரையில் கமிட்டி கூடியபோது போட்ட கணக்கு 8,45,000 ரூபாய். மாரியம்மன் புண்ணியத்தில் 8,46,350 சேர்ந்தது. பூசை போட்டு வேலையை ஆரம்பித்துவிட்டோம். ஒன்பதாம் நாள் மதகுக்குப் பக்கத்தில் சேற்றை வழித்தபோதுதான் உள்ளே இருந்தது தெரிந்தது. மதகின் திருகுகம்பி துருப்பிடித்து, கையால் தொட்டால் செதில் செதிலாக உதிர்கிறது. பலகை பாதிக்கு மேல் இல்லை. இத்தனை நாள் சேறுதான் முட்டுக்கொடுத்துக் கொண்டிருந்த வாய்க்காலின் பழைய பக்கச் சுவர், சேற்றை எடுத்ததும் 18 மீட்டர் நீளத்துக்குச் சரிந்துவிட்டது. இதை அப்படியே விட்டால் வருகிற தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு போகும். அரைகுறையாக நிறுத்துவதைவிட ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாம்.

அதே இடத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சேற்றுக்கு அடியில் ஒரு படித்துறைக் கல். நடுவில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தேய்ந்து குழிந்திருக்கிறது. நம் ஆத்தாமாரும் அப்பத்தாமாரும் குடத்தை இடுப்பில் வைத்து இறங்கி ஏறிய கால்கள் தேய்த்த குழி அது. கமிட்டியில் 78 வயதுப் பெரியவர் ஒருவர் சேற்றில் இறங்கி அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கல்லைக் கழுவிப் பழைய இடத்திலேயே வைக்கப் போகிறோம்.

இளையவர்களுக்கு இந்த ஊரின் அருமை தெரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் பழங்கதை சொல்ல இடம் கொடுங்கள். சூரல் என்றால் பிரம்பு. நீர்க்கரையில் பிரம்பு அடர்ந்து கிடந்ததால் சூரலூர், அதுவே சூலூர் ஆயிற்று என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பிரம்பு தண்ணீர் இருக்கிற இடத்தில்தான் தழைக்கும். ஊரின் பேரிலேயே தண்ணீர் இருக்கிறது.

இங்கே பெருங்கற்காலத்துக் கல்லறை ஒன்றிலிருந்து கிடைத்த சுடுமண் வட்டில் இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் கீறியிருக்கும் குறிகளை ஹரப்பாவில் கிடைத்த ஒரு சின்னத் தகட்டின் எழுத்துகளோடு பக்கத்தில் வைத்துக் காட்டி, இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையைக் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் எழுதினார். நம் ஊர்க் குயவர் கை பிசைந்த மண் என்றுதான் எங்களுக்கு நினைக்கத் தோன்றுகிறது. நமக்கு மேற்கே வெள்ளலூரில் 1842ல் பானையோடு ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன, அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற ரோமப் பேரரசர்கள் காலத்துக் காசுகள். கிழக்கே கொடுமணலில் மணி கோத்திருக்கிறார்கள், இரும்பு உருக்கியிருக்கிறார்கள். இரண்டும் நொய்யல் கரை ஊர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போன வியாபாரிகள் இந்த ஆற்றை ஒட்டித்தான் நடந்திருக்கிறார்கள், இங்கே மாட்டுக்குத் தண்ணி காட்டாமலா போயிருப்பார்கள்?

பேரூரில் பட்டீசுவரர் பாதம் தொட்டு வரும் நொய்யலுக்குக் காஞ்சிமாநதி என்றும் பெயர். அணை போட்டு, வாய்க்கால் வெட்டி, குளத்துக்குக் குளம் தண்ணீரைக் கொண்டு சேர்த்த முன்னோர் கெட்டிக்காரர்கள். 32 அணை, 32 குளம் என்று பழைய ஆட்கள் கணக்குச் சொல்வார்கள். உக்கடம் பெரியகுளம், குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர், இருகூர், கண்ணம்பாளையம், நம்மூர், அப்புறம் சாமளாபுரம் என்று அந்த வரிசை கீழே போகிறது. ஒரு குளத்தில் நிற்கிற தண்ணீர் வண்டலைக் கீழே விட்டுவிட்டுத் தெளிந்து நிலத்துக்குள் இறங்கும், சுற்றியிருக்கிற கிணறுகள் ஊறும். மழை குறைந்த மேட்டாங்காட்டுப் பூமியில் பஞ்சும் சோளமும் விளைந்தது இந்த ஏற்பாட்டால்தான். இன்றைக்கு ஆயிரம் அடி போர் போட்டுப் புழுதியைப் பார்க்கிற நாம் அந்த மனுசர்களைவிடப் புத்திசாலிகள் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

நம்மூர்ப் பேர் நாட்டுக்கே தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம் இது. கடற்படையின் ஹன்சா தளம் கோவாவுக்குப் போவதற்கு முன்னால் 1961ல் இங்கேதான் தொடங்கியது. 2018ல் தேஜஸ் போர் விமானங்களின் முதல் படைப்பிரிவு பெங்களூரிலிருந்து இங்கே வந்தது, 2020 மே மாதத்தில் இரண்டாவதும் சேர்ந்தது. விமானப்படையின் சாகசக் குழுவான சாரங் ஹெலிகாப்டர்காரர்களும் நம்மூர்தான். காலையில் குளத்துக் கரையில் நின்றால் தலைக்கு மேலே தேஜஸ் உறுமிக்கொண்டு போகும், தண்ணீரில் கூழைக்கடா அசையாமல் மிதக்கும், நாமக்கோழி குஞ்சுகளோடு கோரைக்குள் நுழையும். இப்படிப்பட்ட ஊர் வேறெங்கே இருக்கிறது? ஆனால் இந்த வருசம் கூழைக்கடா உட்காரத் தெளிந்த இடம் இல்லை. ஆகாயத்தாமரை பச்சைப் பாய் விரித்த மாதிரி மூடிக் கிடக்கிறது.

இதுவரை கொடுத்தவர்களுக்குக் கைகூப்பி நன்றி சொல்லாமல் மேலே எழுத மனம் வரவில்லை. பேர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பேரையும் போடவில்லை. சார்ஜாவில் வெல்டிங் வேலை பார்க்கும் தம்பி, தங்கை கல்யாணக் கடன் முடியாத நிலையிலும் 50,000 அனுப்பினார். விசைத்தறி ஓட்டும் 64 பேர் ஆளுக்கு ஒரு நாள் கூலியைக் கொடுத்தார்கள், கூலி உயர்வுக்கே போராடிக்கொண்டிருக்கிற நேரத்தில். கோயில் வாசலில் பூக் கட்டும் அக்கா தினம் பத்து ரூபாயாகச் சேர்த்து 1,100 ரூபாயை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். எண்ணிப் பார்க்கவே எங்களுக்குக் கை வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியல் உடைத்து 4,310. டிராக்டர் வைத்திருக்கும் அண்ணன் டீசல் மட்டும் வாங்கிக்கொண்டு ஆறு நாள் ஓட்டினார். பள்ளிவாசல் ஜமாத்தார் வேலையாட்களுக்கு ஐந்து நாள் மதியச் சாப்பாடு போட்டார்கள், தேவாலயத்துக் குடும்பங்கள் மோர் கொண்டுவந்தன. டீக்கடைக்காரர் வேலை தொடங்கிய நாள் முதல் ஒரு டீக்கும் காசு வாங்கவில்லை. இவர்கள் குடும்பங்களை அந்த ஆத்தா காப்பாற்றுவாள்.

செலவுக் கணக்கு இது. பொக்லைன் 310 மணி நேரம், மணிக்கு 1,400 வீதம் 4,34,000. சேறும் குப்பையும் அள்ளிப்போக டிப்பர் 450 நடை, நடைக்கு 600 வீதம் 2,70,000. ஆகாயத்தாமரை எடுக்க ஆள் கூலி 96,000. வாய்க்கால் வாயில் குப்பையைத் தடுக்க இரும்பு வலை 45,000. புதிதாகச் சேர்ந்தது மதகுப் பலகைக்கும் திருகுக்கும் 1,65,000, சுவருக்கு 2,20,000. ஆக மொத்தம் 12,30,000. ரசீதுகள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம்.

நடைபாதை போடலாமே, கலர் விளக்கு வைக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். செய்யலாம். முதலில் தண்ணீர் வரட்டும். வறண்ட குளத்தைச் சுற்றி விளக்குப் போட ஊரார் காசை எடுக்க எங்களுக்கு உரிமை இல்லை.

இனிச் சொல்வது கொஞ்சம் உறைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ரசீதுப் புத்தகத்தோடு நாங்கள் ஏறி இறங்கியது 412 வீடு. கொடுத்தது 171. மீதி 241 வீட்டில் "அப்புறம் வாங்க" என்றார்கள். மூன்று முறை அப்புறம் போயாயிற்று. இருப்பவர்கள் கொடுக்கவில்லை, இல்லாதவர்கள் கொடுத்திருக்கிறார்கள், இதை எழுதவே எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த 241 வீடும் வீட்டுக்கு 1,600 ரூபாய் கொடுத்தால் குறை தீர்ந்துவிடும். கல்யாணம், காதுகுத்து, சீர் என்றால் பந்தலுக்குள் நுழைந்ததும் மொய் எழுதாமல் இலையில் உட்காராத ஊர் நாம். எத்தனை தலைமுறைக்குத் தண்ணி கொடுத்த குளத்து வீட்டு விசேஷம் இது. நம் வீட்டு மொய் நோட்டில் ஏறாமல் இருக்கலாமா? குளத்து வண்டலில் விளைந்த சோளத்தில் நம் அப்பாரு வளர்ந்தார், அந்தக் கடனைத் தீர்க்க நமக்கு இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. மாரியம்மன் நோம்பியில் கம்பம் பிடுங்கிக் குளத்தில் விடும்போது சாக்கடையிலா விடுவோம்? ஆடி 18க்கு முளைப்பாலிகை தூக்கி வரும் பெண் பிள்ளைகளை எந்தத் தண்ணீரில் இறங்கச் சொல்வது?

பணமாகக் கொடுக்க முடியாத வீடுகள் அதற்காக வருத்தப்பட வேண்டாம். ஒரு நாள் ஆள் உழைப்பு 800 ரூபாய்க்குச் சமம் என்று நோட்டில் வரவு வைக்கிறோம். சிமெண்ட், ஜல்லி, செங்கல் பொருளாகவும் வாங்கிக்கொள்கிறோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவிடம் சொன்னால் போதும், வீட்டுக்கே வந்து வாங்கி ரசீது தருவோம்.

கமிட்டியில் உள்ளவர்கள் வருகிற ஞாயிறு காலை 6 மணிக்கு மதகடியில் இருப்போம். மண்வெட்டியும் பாண்டுச் சட்டியும் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். ரசீதுப் புத்தகம் அங்கேயே அரசமரத்து மேடையில் இருக்கும், 9 மணிக்குக் கம்மங்கூழ் உண்டு. கொத்தனாருக்கு முன்பணம் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

இப்படிக்கு,
பெரிய குளத்து வாய்க்கால் வேலைக் கமிட்டியார், சூலூர்