ஒரு ஆளுக்கான அடுப்பு

அன்பு மகளுக்கு,

உன் செய்தி வந்தது. மூன்று மாதம் கழித்து ஒரே வரி. “மலைக்குப் போகிறேன், ஒரு ஆளுக்கு எந்த அடுப்பு நல்லது?” சரி, இதையாவது கேட்டாயே. அம்மா என்னை நான்கு முறை படித்துக்காட்டச் சொன்னாள். அவள் தூங்கிய பிறகு ஐந்தாவது முறை நானாகப் படித்தேன்.

அடுப்பு என்றால் அப்பா பக்கம் பக்கமாக எழுதுவார், வேறு எதையும் கேட்கமாட்டார் என்று தெரிந்துதான் கேட்டிருப்பாய்.

கேஸ் கேன் மேல் திருகும் அடுப்புதான் எல்லோரும் முதலில் வாங்குவது. சில பர்னர்கள் 100 கிராம்கூட இருக்காது, உள்ளங்கையில் அடங்கும். ஆனால் கேனுக்குள் என்ன வாயு என்று பார்த்து வாங்கு. பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே போனால் ஆவியாகாது, திரவமாகவே உட்கார்ந்துவிடும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை வரும். புரோப்பேன் மைனஸ் 42 வரை. அப்படியானால் புரோப்பேனையே அடைத்துத் தரலாமே என்பாய். அதன் அழுத்தத்துக்குக் கனத்த உருளை வேண்டும், முதுகில் சுமக்க ஆகாது. அதனால்தான் கலந்து விற்கிறார்கள். அதிலும் ஒரு சூது உண்டு: புரோப்பேன் முந்திக்கொண்டு எரிந்து தீர்ந்துவிடும், கடைசியில் மிஞ்சுவது குளிருக்கு உதவாதது. முதல் நாள் நன்றாக எரிந்ததே என்று நம்பியிருப்பாய், மூன்றாம் நாள் விடியற்காலையில் காலை வாரிவிடும். எரிய எரிய கேனும் தானாகச் சில்லிட்டுக்கொண்டே போகும். இரவில் அதை உறங்கும் பைக்குள் வைத்துக்கொள். காலையில் ஒரு தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அதில் நிறுத்து. நெருப்பில் காட்டாதே. காற்று அடிக்கிறதே என்று கேனையும் சேர்த்துத் தகட்டால் சுற்றிக் கட்டாதே, சூடு தேங்கினால் கேன் வெடிக்கும்.

டென்டுக்குள் எதையும் பற்றவைக்காதே.

நல்ல குளிர் என்றால் என் ஓட்டு பம்ப் அடிக்கிற அடுப்புக்குத்தான். அழுத்தத்தை நம் கையே கொடுப்பதால் குளிர் அதை ஒன்றும் செய்யாது. நம் பழைய பம்ப் ஸ்டவ் நினைவிருக்கிறதா, பின் குத்துகிறேன் என்று பின்னை உள்ளேயே முறித்தாயே, அதே குடும்பம். 1892-இல் ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய பிரைமஸ்தான் அதற்கெல்லாம் பாட்டன். 1953-இல் எவரெஸ்டின் கடைசி முகாமில் ஹிலாரியின் பூட்ஸ் கல்லாக உறைந்துபோக, பிரைமஸில் காட்டித்தான் இளக்கினார். டென்டுக்குள்தான் செய்தார். அதைப் பார்த்து நீ செய்யாதே. மண்ணெண்ணெய் என்றால் கரி பிடிக்கும். சுத்திகரித்த வெள்ளைப் பெட்ரோல் சுலபமாகப் பற்றும், ஆனால் சூடேறும்வரை சுடர் குப்பென்று எழும்பிப் பயமுறுத்தும். வாஷர் போனால் நீயே மாற்றலாம். மாப்பிள்ளைக்கு இந்த அடுப்பு என்றால் உயிர். சரி, அது போகட்டும்.

எத்தனால் ஊற்றி எரிக்கும் ஸ்பிரிட் அடுப்பில் சத்தமும் இல்லை, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கிலோ எத்தனாலில் 27 மெகாஜூல் அளவுதான் சூடு, கேஸில் 46 அளவுக்கு. நாள் கூடினால் எரிபொருளே பாரமாகிவிடும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றித்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஹெக்சமின் என்ற திட எரிபொருள் வில்லை அவசரத்துக்கு மட்டும், நாற்றம் தாங்காது. எந்தக் கேனையும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், இறங்குகிற இடத்தில் என்ன எரிபொருள் கிடைக்கிறது என்று கேட்டுவிட்டு அடுப்பை முடிவு செய்.

ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 10 முதல் 15 கிராம் கேஸ் ஆகும். ஒரு ஆளுக்கு 100 கிராம் கேன் இரண்டு மூன்று நாள் தாராளம். நீ எப்போதும் வாங்கியது 230. அந்த அகலப் பாத்திரமும் இருந்தது. அது இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை.

மறுபடி சொல்கிறேன், டென்டுக்குள் வேண்டாம். மழை என்றாலும் வேண்டாம். எந்த எரிபொருளானாலும் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, மணம் இல்லை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். தலைவலியும் குமட்டலும்தான் அறிகுறி. உயரத்தில் வருகிற மலைநோய்க்கும் அதேதான். மலைநோய் என்று நினைத்து உள்ளேயே படுத்துக்கொள்வார்கள்.

ரிச்சர்ட் பேர்ட் என்று ஒருவர், 1934-இல் அண்டார்க்டிகாவில் குளிர்காலத்தைத் தனியாகக் கழிக்கப் போனார். அடுப்பின் புகை சரியாக வெளியேறாமல் விஷம் ஏறி எழ முடியாமல் கிடந்தார். ரேடியோவில் மட்டும் ஒன்றும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தந்தி அடித்த விதம் தடுமாறியதை வைத்துத்தான் அவருடைய ஆட்கள் சந்தேகப்பட்டார்கள். மூன்று பேர் போய்ச் சேர்ந்தபோது ஆகஸ்ட் ஆகிவிட்டது. சின்னச் சின்ன வரிகளைப் பார்த்தால் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு ஒன்பது வயது, அந்த ஏரிக்கரை. மழை என்று டென்டின் ஜிப்பை முழுக்க இழுத்துவிட்டு உள்ளேயே அடுப்பைப் பற்றவைத்தேன். தலை வலிக்கிறது என்று இரண்டு முறை சொன்னாய். தூங்கு, சரியாகிவிடும் என்றேன். நீ வாந்தி எடுத்து, கண் செருகியபோதுதான் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். மழையில் நனைந்ததும் தெளிந்தாய். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், அவள் கட்டிக்கொடுத்த சாப்பாடு கெட்டுப்போயிருந்தது என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு பயணத்துக்குச் சாப்பாடு கட்டும்போதெல்லாம் இரண்டு முறை முகர்ந்து பார்ப்பாளே, அதற்குக் காரணம் நான். நீகூடக் கேலி செய்வாய். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போதும் பக்கத்தில் நின்றுகொண்டு என்ன இவ்வளவு எழுதுகிறீர்கள் என்கிறாள். அடுப்புக் கணக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வலிக்கிறது என்று சொல்வதை நீ அன்றைக்குத்தான் நிறுத்தினாயோ என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

வாங்கியதும் ஒரு வரி போடு. 100 கிராமா, 230 கிராமா என்று மட்டும் எழுது. எதுவானாலும் சரி.

அப்பா