திருவிழா மைதானத்தைக் கச்சேரி மேடைக்கு விட்டுவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் கத்தோலிக்க ஆலயங்களின் பத்து நாள் திருவிழாவுக்காகப் பங்குப் பேரவை (ஆலய நிர்வாகக் குழு) கூடும்போது இப்போது இரண்டு பேச்சுகள் அடிக்கடி எழுகின்றன. விளையாட்டுப் போட்டி பக்தியைக் கெடுக்கிறது, நிறுத்திவிடலாம் என்பது ஒன்று. போட்டிக்கு யார் அலைவது, அந்தப் பணத்தில் ஒரு கச்சேரி வைத்துவிடலாம் என்பது மற்றொன்று. இரண்டும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. பங்கு மக்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள், யாரும் விளையாடுவதில்லை.

விவிலியத்தின் செக்கரியா நூல் 8-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எருசலேமுக்குத் திரும்பி வருவதன் அடையாளம் என்ன? கோலூன்றிய முதியோர் தெருவில் அமர்ந்திருப்பதும், அதே தெருவில் சிறுவரும் சிறுமியரும் விளையாடுவதும். அங்கே விளையாட்டைக் குறிக்கும் எபிரேய வினைச்சொல்தான், உடன்படிக்கைப் பேழைக்கு முன் ஆடிய தாவீது அரசர் தம் மனைவி மீக்காலுக்குச் சொன்ன பதிலிலும் வருகிறது; படைப்பின்போது கடவுள் முன் களித்திருந்த ஞானத்தைப் பாடும் நீதிமொழிகள் 8:30-இலும் வருகிறது. இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே தம் இறையியல் தொகுப்பில் விளையாட்டுக்கென்று இடம் ஒதுக்கி எழுதினார். ஓயாமல் வளைத்துக்கொண்டே இருந்தால் வில் முறிந்துவிடும், மனமும் அப்படித்தான் என்ற யோவான் திருத்தூதர் பற்றிய பழங்கதையை எடுத்துச் சொல்லி, மூன்று வரம்பு வைக்கிறார்: ஆபாசமோ கேடோ இருக்கக் கூடாது, தன்னிலை மறக்கக் கூடாது, ஆளுக்கும் இடத்துக்கும் நேரத்துக்கும் பொருந்த வேண்டும். தானும் விளையாடாமல், விளையாடுபவர் மகிழ்ச்சியையும் கெடுப்பதைக் குற்றம் என்றே சொல்கிறார். விளையாட்டு மிகுவதைவிடக் குறைவது சிறிய குற்றம் என்கிறார் என்பதையும் மறைக்கக் கூடாது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது புதிதும் அல்ல. மகாசிவராத்திரிக்கு இந்துச் சகோதரர்கள் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 சிவாலயங்களுக்குக் கையில் விசிறியோடு, 'கோவிந்தா, கோபாலா' என்று கூவியபடி ஓடுகிறார்கள். அதன் பின்னால் இருப்பது பீமனைப் புருஷாமிருகம் (பாதி மனிதன், பாதி விலங்கான சிவபக்தன்) துரத்திய கதை. துரத்தலும் ஓட்டமும் வழிபாடாகவே நிற்கும் மண் இது.

அக்குவினாஸ் சொன்ன கேடு, பொருத்தம் என்ற சொற்களை மைதானத்தில் வைத்துப் பார்ப்போம். இரு அணிகள் வடம் இழுக்கும் போட்டியில்தான் பெரிய ஆபத்து. கடலோரத்தில் விசைப்படகின் நைலான் கயிறு சுலபமாகக் கிடைக்கிறது என்று அதையே எடுத்துவிடுகிறார்கள். நைலான் இழுபடும், அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி அடிக்கும், கை நழுவினால் உள்ளங்கைத் தோலை உரிக்கும். இழுபடாத நார் வடமே வேண்டும். சர்வதேச விதிப்படி வடத்தின் சுற்றளவு 10 முதல் 12.5 சென்டிமீட்டர், நீளம் குறைந்தது 33.5 மீட்டர், அணிக்கு 8 பேர், 4 மீட்டர் இழுத்தால் வெற்றி. தலைக்கணக்கை மட்டும் பார்க்காமல் எட்டுப் பேரின் மொத்த எடையையும் பார்த்து அணி பிரியுங்கள். கடைத் தராசு போதும். கையில் சுற்றுவதை நடுவர் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும், விரல் போவது அதில்தான். கடைசி ஆள் வடத்தை அக்குளுக்கு அடியில் விட்டு, முதுகின் குறுக்கே எதிர்த் தோளுக்கு மேலாகக் கொண்டுவரலாம், இடுப்பில் முடிச்சுப் போடக் கூடாது. சரல் (பருக்கைக் கல்) மைதானம் என்றால் முன்கூட்டியே இரண்டு லோடு மணல் அடியுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு எலுமிச்சைக் கரண்டியை வாயில் கொடுக்க வேண்டாம், விழுந்தால் தொண்டையில் குத்தும். கையில் பிடித்து ஓடட்டும். சாக்கு ஓட்டத்துக்குச் சணல் சாக்கு நல்லது, பிளாஸ்டிக் சாக்கு வழுக்கும். 25 மீட்டர் தாராளம். ரொக்கப் பரிசு வைத்தால் வெளியூர் அணிகளை ஆள் கூலிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். தட்டும் வாளியும் போதும், ஓடிய எல்லாப் பிள்ளைக்கும் ஏதாவது ஒன்று கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

நேரம்தான் முக்கால்வாசிச் சண்டைக்குக் காரணம். முதல் சுற்றுகளைக் கொடியேற்றத்துக்கு முந்தைய நான்கு சனிக்கிழமைகளில் அன்பியவாரியாக (பங்கின் சிறு குடும்பக் குழுக்கள்வாரியாக) முடித்துவிட்டு, இறுதிப்போட்டியை மட்டும் விழாவுக்கு வையுங்கள். நான்கு மணிக்குத் தொடங்கி ஐந்தேகாலுக்கு விசில் ஊதி நிறுத்தினால், பிள்ளைகள் குழாயடியில் கை கால் கழுவி ஜெபமாலைக்கு வந்துவிடுவார்கள். ஒலிபெருக்கி ஒன்றுதான் என்பதால், ஆட்டம் நீண்டால் ஜெபமாலையும் தள்ளிப்போகும். பெரியவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

விளையாட்டோடு, களியல் என்னும் நம் ஊர்க் கம்பாட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நடுவில் விளக்கு, சுற்றி இரட்டைப்படையில் ஆட்டக்காரர்கள், ஆளுக்கு இரண்டு கம்பு, தாளத்தோடு பாடும் ஆசான். ஆசானின் பாட்டு மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறும். கம்பின் மேல்பகுதியில்தான் தட்ட வேண்டும், நடுவில் தட்டினால் வேகம் ஏறும்போது பக்கத்து ஆளின் விரல் நசுங்கும். கம்பு காய்ந்த, வைரம் பாய்ந்த மரமாக இருந்தால் 'கணீர்' என்று கேட்கும். பச்சைக் கம்பின் சத்தம் மங்கிவிடுவதால் ஆடுபவருக்கே தாளம் தப்பும். பதிவு செய்த பாட்டைப் போட்டு ஆடவிடுவது பெரிய தவறு. ஒருவர் தடுமாறினால் ஆசான் வேகத்தைக் குறைத்துக் காத்திருப்பார், பாட்டுப் பெட்டி காத்திருக்காது. இரண்டு மாதம், வாரத்துக்கு இரண்டு மாலை பழகினால் புதிய பிள்ளைகள் எட்டுப் பேர் விழாவில் ஆடலாம். கச்சேரிக்கு ஆகும் செலவில் சிறு பங்கு கூட இதற்கு ஆகாது.

வயதான ஆசான்களிடம் களியல் பாட்டு நோட்டுகள் இருந்தால், அந்தந்தப் பங்கின் மறைக்கல்வி ஆசிரியர்கள் போய்க் கேட்டு நகல் எடுத்துவையுங்கள். பாடச் சொல்லி போனில் பதிவும் செய்யுங்கள். நோட்டில் சொல் இருக்கும், எந்த இடத்தில் வேகம் ஏறுகிறது என்பது இருக்காது.

இப்படிக்கு,
பங்கு விழாக் குழுவினர்,
முளகுமூடு வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்